முத்துப்பேச்சியின் கண்ணாடி வயிறு

ஏழூர்ச்சந்தையில் கரண்ட் போன ஒரு சாயங்காலம், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சியின் வயிறு கண்ணாடியாகிப்போனது. மடியில் கிடந்த பிளவுஸுக்குக் கொக்கி வைக்கிற வேலை பாக்கி இருந்தது, பிளவுஸ்காரி மறுநாள் கல்யாணத்துக்குப் போகிறவள், அதனால் முத்துப்பேச்சி வயிற்றிலிருந்து வந்த வெளிச்சத்திலேயே கடைசிக் கொக்கியையும் வைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் புருஷனைக் கூப்பிட்டாள்.

"இங்கேருங்க, கொஞ்சம் வந்து பாருங்க. வயிறு என்னமோ பளபளங்கு."

புருஷன் பெயர் ஐகோர்ட்துரை. கோர்ட்டு வாசலை மிதித்தவன் இல்லை, குலசாமியின் பெயர் அது. ஊரில் மைக்செட் வைத்திருப்பவன். டார்ச் லைட்டோடு ஓடிவந்தவன், அதற்கு வேலையில்லை என்று கண்டு அணைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மனைவியின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தேன் நிற வெளிச்சத்துக்குள் இரண்டு பிள்ளைகள் முகத்தோடு முகம் பார்த்து, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு மிதந்தன. நெஞ்சிலிருந்து தொப்புள் வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே உடம்பு. காலையில் ஸ்கேன் சென்டரில் கறுப்பு வெள்ளையில் பார்த்ததை இப்போது கலரில் பார்த்தான், அவ்வளவுதான்.

"ஜெல்லைச் சரியாத் தொடைக்கல போல," என்றான்.

காலையில் அந்த ஸ்கேன் டாக்டர் முத்துப்பேச்சியை இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று புரட்டியெடுத்துவிட்டு, கடைசியில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். "ரெட்டைப் பிள்ளைம்மா. ஆனா ஒட்டியிருக்கு. ஈரல் பொதுவா இருக்கு, அதப் பிரிக்கலாம். இதயம் ஒண்ணா ரெண்டான்னு எங்க மிஷின்ல தெரியல. ரெண்டா இருந்தா, பிறந்த பிறகு ஆபரேஷன் பண்ணித் தனித்தனியாக்க வழியிருக்கு. ஒண்ணா இருந்தா..." என்று இழுத்து, மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மறுபடியும் மூடினார். "மதுரைக்கு எழுதித் தரேன். வச்சுக்கிறதா வேண்டாமான்னு ஆறாம் மாசம் முடியறதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க."

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் முத்துப்பேச்சி மிஷினில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்றா, இரண்டா என்ற கேள்வி ஊசியோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஏழூர்ச்சந்தைக்காரர்கள் ஆச்சரியப்படுவதில் கொஞ்சம் கஞ்சர்கள். எதற்காக வயிறு கண்ணாடியானது என்பதை டீக்கடை பால்பாண்டியின் பெஞ்சில் ஒரு டீ ஆறுகிற நேரம் பேசிப் பார்த்தார்கள், பிடிபடவில்லை, சரி கிடக்கட்டும் என்று அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அடுத்த விஷயம், எப்போது போய்ப் பார்ப்பது என்பது. பகலில் முத்துப்பேச்சிக்குத் தையல் இருந்தது, ஆண்களுக்குச் சந்தை இருந்தது, ஆகவே விளக்கு வைக்கிற நேரம் என்று தானாகவே ஒரு வழக்கம் ஏற்பட்டது. அந்த நேரத்தில் கரண்ட் போவது ஏற்கெனவே ஊர் வழக்கம். பெண்கள் முறத்தில் அரிசியை எடுத்துவந்து அந்த வெளிச்சத்தில் கல் பொறுக்கினார்கள், பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள், பால்பாண்டி தன் பெஞ்சையே தூக்கிவந்து அவள் வாசலில் போட்டுவிட்டுக் கடையைச் சும்மா திறந்து வைத்திருந்தார், பூக்காரி சரம் தொடுத்தாள், யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் எழுந்து போகவுமில்லை.

பார்க்கப் பார்க்கப் பிள்ளைகளின் குணம் தெரிந்துவிட்டது. இடது பக்கத்துப் பிள்ளை காலை உதைக்கும், கையை வீசும், எதிரே இருப்பதன் மூக்கைப் பிடித்து இழுக்கும். வலது பக்கத்துப் பிள்ளை எதையும் கண்டுகொள்ளாது, வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கும். ஊர் அதுகளுக்கு வாலு என்றும் கொட்டாவி என்றும் பெயர் வைத்தது. கொட்டாவி கொட்டாவி விட்டால் தெருவே கொட்டாவி விட்டது, அன்றைக்குச் சீக்கிரமாக எல்லோரும் படுக்கப் போனார்கள்.

எல்லோரும் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள், அவர்களுக்கு ஒட்டியிருந்த நெஞ்சு தெரிந்தது. முத்துப்பேச்சி ஒருத்திதான் மேலிருந்து பார்த்தாள். குனிந்தால் அவளுக்குத் தெரிந்தது இரண்டு உச்சந்தலைகள், அதில் இரண்டு சுழி, அவ்வளவுதான். ஒட்டியிருப்பது அவள் கண்ணுக்குத் தெரியவேயில்லை. அவளைக் கேட்டால் அது இரண்டு பிள்ளைதான், ஒன்று என்கிற பேச்சே கிடையாது. ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

பேச்சு எல்லாம் நல்ல பேச்சாக இருந்துவிடுமா? மேலத்தெருவில் ஒருவர் சாமி பிறக்கப் போகிறது என்று கற்பூரமும் தேங்காயுமாக வந்து நின்றார். முத்துப்பேச்சி அவரைக் கோபிக்காமல், தேங்காயை உடைத்து மூடியை மட்டும் சட்னிக்குக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள். இன்னொருவர், பேர் சொன்னால் சண்டைக்கு வருவார், "இதெல்லாம் பாவத்துக்கு வாரதும்மா" என்று ஆரம்பித்தபோது வாலு அவர் பக்கமாகக் காலை ஓங்கி ஒரு உதை விட்டது, தெருவே சிரித்த சிரிப்பில் அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். உண்மையாகவே நொந்துபோனது மாமியார் கோமதி ஒருத்திதான். கல்யாணத்தட்டில் வந்த ஒட்டு வாழைப்பழத்தை, வீணாகப் போகிறதே என்று அவள்தான் மருமகளுக்கு உரித்துக் கொடுத்தாள். ஒட்டுப்பழம் தின்றால் ஒட்டுப்பிள்ளை என்று ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதிலிருந்து கோமதி பழக்கடை வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிப் போனாள்.

ஒரு வாரத்தில் சுகாதாரத் துறையிலிருந்து கிரேஸ்லின் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். வயிற்றிலுள்ள பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம், இங்கே ஒரு தெருவே உட்கார்ந்து பார்க்கிறது என்று புகார் போயிருந்தது. மேடம் சட்டத்தை மீறிவிடக் கூடாதே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டே விசாரணை நடத்தினார்.

"இங்க எத்தனை பேரு பாத்தீங்க?"

"எல்லாருந்தாம்மா," என்றார் பால்பாண்டி. "ஆனா அந்த விசயம் மட்டும் தெரியாது. ரெண்டும் கட்டிப்பிடிச்சிக்கிட்டுல்லா கெடக்கு. கடவுளே சட்டத்துக்குக் கட்டுப்பட்டுதான் படைச்சிருக்காரு, நீங்க கண்ணத் தொறங்க."

மேடம் திறக்கவில்லை. நாளைக்கே அதுகள் புரண்டு படுத்தால் என்ன செய்வது? கடைசியில் இரண்டு உத்தரவு போட்டார். முத்துப்பேச்சி சேலைக்கு மேல் ஒரு திரை கட்டிக்கொள்ள வேண்டும், அது பிள்ளைகளின் இடுப்புக்குக் கீழே மூடியிருக்க வேண்டும். வீட்டு வாசலில் போர்டு மாட்ட வேண்டும். திரையை முத்துப்பேச்சியே வெல்வெட் துணியில் சுருக்கு வைத்து அழகாகத் தைத்துக்கொண்டாள். போர்டை ஐகோர்ட்துரை எழுதி, சுற்றிலும் சீரியல் பல்பு போட்டு மாட்டினான்: "இந்த வயிற்றில் உள்ள சிசுக்களின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது." மேடம் அன்றிலிருந்து சரிபார்க்கிற சாக்கில் அடிக்கடி வந்தார். வரும்போது முறுக்கு வாங்கி வந்தார்.

மதுரைக்கு வயிற்றில் கனமான துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனார்கள். அங்கே பிள்ளைகளின் இதயத்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே பார்க்கிற டாக்டர் நூர்ஜகான், துண்டை அவிழ்த்ததும் வெளிச்சத்தைப் பார்த்து, அறையின் டியூப்லைட்டை அணைத்தார், கண்ணுக்கு இதமாக இருந்தது போலும்.

"அழகா இருக்கும்மா. ஆனா எனக்கு ரத்தம் எந்த வழியா ஓடுதுன்னு தெரியணும், அது மிஷின்லதான் தெரியும்."

நெடுநேரம் பார்த்தார். திரையில் கறுப்புக்குள் ஏதோ துடித்தது. இரண்டு துடிப்பா, ஒரே துடிப்பின் இரண்டு ஓரமா என்று அவராலும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. நெஞ்சுக்கூடு ஒட்டிய இடம் நெருக்கடியாக இருந்தது, துடிப்போ ஒரே வேகத்தில் சேர்ந்தே போனது. "இன்னும் கொஞ்சம் வளரட்டும். ஆறாம் மாசக் கடைசியில வாங்க. அதுதான் நமக்குக் கடைசி வாய்ப்பு," என்றார்.

கூடவே வந்திருந்த கோமதி அந்த நேரம் பார்த்து வாழைப்பழ விவகாரத்தை அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டு, அவள் கையைப் பிடித்துச் சொன்னார், "ஒரே கரு, ரெண்டாப் பிரிய ஆரம்பிச்சுப் பாதியில நின்னுபோச்சும்மா. பழமும் காரணமில்ல, பாவமும் காரணமில்ல. லட்சத்துல ஒருத்தருக்கு நடக்கும். நீங்க தாராளமா வாழைப்பழம் சாப்பிடுங்க." கோமதி பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு சீப்பு வாங்கினாள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் ஐகோர்ட்துரை, பார்க்க வந்தவர்களெல்லாம் போன பின்பு, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏட்டி பேச்சி, எனக்கு நீ இருந்தாப் போதும். ஒன்னப் போட்டு அறுத்து, பொறவு அதுகளப் போட்டு அறுத்து... எனக்கு நெனச்சாலே பயமாருக்கு. வேண்டாம்னு சொல்லிருவமா?"

முத்துப்பேச்சி திரையின் சுருக்கைத் தளர்த்தி இறுக்கினாள். "ஒரே இதயம்னு டாக்டரம்மா சொல்லட்டும், நான் விட்டுருதேன். சாவுறதுக்குன்னு ரெண்டு பேரப் பெத்து வேதனப்படுத்த மாட்டேன். ஆனா ரெண்டு இருக்குன்னா, ரெண்டு பேரையும் விடமாட்டேன். ஒரு ஆளக் கூட விடமாட்டேன். நீங்க பயந்தா பயந்துட்டுப் போங்க."

அவன் எழுந்துபோய் வாசலிலிருந்த சீரியல் பல்பை அணைத்தான், திரும்பிவந்து, "சரி," என்றான்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஊருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் சாயங்காலம் பார்த்துப் பழகிய முகங்கள், பெயர் வைத்த பிள்ளைகள். ஏழாம் மாதம் வளைகாப்புப் போடலாம் என்றிருந்தார்கள், ஏழாம் மாதம் ஒன்று வருமா என்பதே இப்போது தெரியாது. மதுரைக்குப் போவதற்கு முன்னாலேயே போட்டுவிடலாம் என்று பூக்காரி சொன்னாள். அது ஆறாம் மாதம், இரட்டைப்படை மாதத்தில் வளைகாப்பா, அடுக்குமா என்று பெரியவர்கள் கையை விரித்தார்கள். பால்பாண்டியின் பெஞ்சில் இது ஒரு வாரம் ஓடியது, இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. வாழைப்பழம் தின்று தெம்பாக இருந்த கோமதிதான் நடுவில் வந்து தீர்த்துவைத்தாள்.

"எதுக்கு இப்பம் சண்ட போடுதிய? மாசம் ஆறு. பிள்ள ரெண்டு. ஆளுக்கு மூணு. மூணு ஒத்தப்படதானவே?"

கூட்டம் விரல் விட்டுப் பார்த்தது. கணக்கில் குறை சொல்ல ஒருவராலும் முடியவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட இரண்டு தரம் வகுத்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்றார்.

அப்படியொரு வளைகாப்பு ஏழூர்ச்சந்தையில் அதற்கு முன் நடந்ததில்லை. ஐகோர்ட்துரை தன் மைக்செட்டு முழுவதையும் இறக்கி, மனைவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னதும் குறைத்தான். வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டிய காப்பை முதலில் கோமதி போட்டாள், அதன் பின் பெண்கள் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசிக் கண்ணாடி வளையலைப் போட்டார்கள், பச்சையும் சிவப்பும் கருநீலமும், வாலுவுக்கு ஒரு கையில், கொட்டாவிக்கு ஒரு கையில், முழங்கை வரைக்கும் ஏறி அதற்கு மேலும் ஏறி, கிரேஸ்லின் மேடமும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டே வந்து ஆளுக்கொரு ஜோடி போட்டார், வயிற்று வெளிச்சம் அத்தனை கண்ணாடியிலும் பட்டுச் சுவரெல்லாம் பச்சையும் சிவப்புமாக ஆடியது. ஆரத்தி எடுத்த பெண்கள் பாட்டை மறந்துபோய் அழுதார்கள். முத்துப்பேச்சி அழவில்லை. பிரசவம் ஆகிறவரை வளையலைக் கழற்றக் கூடாது என்று அவளுக்குச் சொன்னார்கள், அவள் தலையை ஆட்டினாள்.

மதுரையில் ஸ்கேன் அறைக்குள் அவள் நுழைந்ததும் டெக்னீஷியன் பெண் எரிச்சலானாள். "அக்கா, இவ்வளவு வளையல் போட்டா எப்படி? நீங்க மூச்சு விட்டாலே கலகலன்னு சத்தம். பிள்ளை திடுக்குனு ஆடுது, படம் நிக்கவே மாட்டேங்குது. கழட்டுங்க."

"பிரசவம் வரைக்கும் கழத்தப்படாதும்மா," என்றாள் முத்துப்பேச்சி. இதில் மட்டும் அவள் இறங்கிவரத் தயாராயில்லை.

டாக்டர் நூர்ஜகான் அப்போதுதான் உள்ளே வந்தார். "எது ஆடுது?"

"இடது பக்கம் மேடம்."

"இடது மட்டுமா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கருவியை வயிற்றில் வைத்து, ஒட்டிய நெஞ்சின் இந்தப் பக்கத்துத் துடிப்பையும் அந்தப் பக்கத்துத் துடிப்பையும் மேலும் கீழுமாக இரண்டு கோடாக ஓடவிட்டார். இரண்டும் ஒரே நடையில் போயின. "இப்ப இடது கையை வயித்துப் பக்கம் கொண்டுவந்து ஒரு ஆட்டு ஆட்டுங்கம்மா," என்றார்.

முத்துப்பேச்சி கையை ஆட்டினாள். ஊரே போட்ட வளையல் அத்தனையும் குலுங்கியது.

உள்ளே வாலு துள்ளியது. மேலே இருந்த கோடு தடதடவென்று ஓட்டம் பிடித்தது. கீழே இருந்த கோடு, எந்த அவசரமும் இல்லாமல், பழைய நடையிலேயே போய்க்கொண்டிருந்தது. கொட்டாவி ஒரு கொட்டாவி விட்டது.

டாக்டர் இன்னொரு தடவை ஆட்டச் சொன்னார். மறுபடியும் ஒன்று ஓடியது, ஒன்று நடந்தது. ஓட்டத்தையும் நடையையும் பிடித்துக்கொண்டே போய், எங்கே அது முடிகிறது, எங்கே இது தொடங்குகிறது என்று தேடினார்.

"ஒரே இதயமா இருந்தா ரெண்டும் சேர்ந்துதான் ஓடணும்மா. இங்க பாருங்க, நடுவுல மெல்லிசா ஒரு சுவர். மேல் உறை மட்டும்தான் பொது." அவர் அந்தச் சுவரை விரலால் தொட்டுக் காட்டினார். "ரெண்டு இதயம். ரெண்டும் முழுசா இருக்கு."

வெளியே பெஞ்சில் இருந்த ஐகோர்ட்துரைக்குச் சேதி சொன்னபோது, மைக்கில் ஊரையே அலறவைக்கிறவன் போனை எடுத்து பால்பாண்டிக்கு அடித்து, "ரெண்டு" என்று மட்டும் சொன்னான். ஏழூர்ச்சந்தையில் அன்றைக்கு டீ இலவசம்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் டாக்டர்களின் காலண்டர்படி நடந்தது. எட்டாம் மாதமே முத்துப்பேச்சியை மதுரையில் படுக்கையில் சேர்த்து, ஒரு காலை நேரத்தில், இரண்டு பிள்ளைக்கும் தனித்தனி டாக்டர், தனித்தனி நர்ஸ் என்று ஒரு கூட்டமே நின்று, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். எடுத்ததும் வயிற்று வெளிச்சம் அணைந்துவிட்டது. தையல் போடுவதற்கு டியூப்லைட்டைப் போட வேண்டியிருந்தது. இரண்டும் பெண். கிரேஸ்லின் மேடம் தானே வந்து ஸ்டூலில் ஏறி வாசல் போர்டைக் கழற்றினார், இனிமேல் யாரும் யாருக்கும் தாராளமாகச் சொல்லலாம் என்று தெருவுக்கே அறிவித்தார்.

பிரிக்கிற ஆபரேஷனுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் எடை போட வேண்டும், அறுத்த இடத்தை மூட தோல் போதாது, அதனால் தோலுக்கு அடியில் சின்னப் பை வைத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏற்றித் தோலை வளர்ப்போம் என்று சர்ஜன் படம் போட்டு விளக்கினார். தையல்காரிக்கு இதற்குப் படம் தேவையா? "துணிய முதல்லயே கூட வாங்கிக்கிடுதீங்க. பொறவு இழுத்துப் பிடிக்காதுல்லா," என்றாள்.

அந்த மாதங்களில் அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பிள்ளையை மட்டும் கொஞ்ச முடியாது. வாலுவைக் கூப்பிட்டால் வாலு திரும்புவாள், அவள் திரும்புகிற இழுப்பில் கொட்டாவியும் திரும்புவாள். ஒருத்திக்குப் பால் கொடுத்தால் இன்னொருத்தி தலை நசுங்காமல் பிடிக்க வேண்டும். ஒருத்தி அழுதால் இருவரையும் தூக்க வேண்டும். தூங்குகிற கொட்டாவியை வாலு எழுப்பாத நாள் கிடையாது. இது யார், அது யார் என்று தன் பிள்ளைகளிடமே அறிமுகம் ஆகாத மாதிரி அவளுக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

ஆபரேஷன் விடிகாலையில் தொடங்கி, பொழுது சாய்கிறவரை நடந்தது. ஏழூர்ச்சந்தைக்காரர்கள் ஒரு வேன் பிடித்துவந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தார்கள், வாட்ச்மேன் திட்டியும் கேட்கவில்லை, பெஞ்ச் மட்டும்தான் கொண்டுவரவில்லை. ஈரலைப் பிரித்தார்கள், இதயத்தின் உறையைப் பிரித்து ஆளுக்குப் பாதி தைத்தார்கள், வளர்ந்த தோலை இழுத்து மூடினார்கள். கொட்டாவிக்கு நடுவில் ஒரு தரம் ரத்த அழுத்தம் இறங்கிப்போய், எல்லோரும் ஓடி, பின் ஏறியது. அதற்கப்புறம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், குழாய்களுக்கு நடுவில் இரண்டு பேரும் கிடந்த நாட்கள் வந்தன. அவற்றில் முத்துப்பேச்சி சாப்பிட்டாளா தூங்கினாளா என்று கேட்டால் ஐகோர்ட்துரைக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் இரண்டு பேரையும் வார்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் பக்கம் ஒரு கட்டிலிலும் சுவர்ப் பக்கம் ஒரு கட்டிலிலும் படுக்க வைத்தார்கள். பிறந்ததிலிருந்து முதல்தடவையாக இரண்டு பேரும் குழாய் எதுவும் இல்லாமல் தனித்தனியாக மல்லாந்து படுத்திருந்தார்கள். எதிரே ஒட்டியிருந்தவளின் முகத்தைத் தவிர வேறு எதையும் நேராகப் பார்த்திராத கண்களுக்கு மேலே இப்போது மின்விசிறி சுற்றியது. இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது, முத்துப்பேச்சி அதில் நின்றாள். இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையும் வைத்துப் பார்த்தாள். இத்தனை மாதமாக அழாதவள், இப்போதும் அழக்கூடாது என்றுதான் இருந்தாள்.

அப்புறம் சுவர்ப் பக்கத்துக் கட்டிலில் குனிந்து, மெதுவாக, "கொட்டாவி," என்றாள்.

கொட்டாவி கண்ணைத் திறந்தாள். அம்மாவின் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பினாள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் வாலு அசையவில்லை, வாயைப் பாதி திறந்து, தன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்கேருங்க," என்று முத்துப்பேச்சி புருஷனைக் கூப்பிட்டாள், கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. "இவ மட்டும் திரும்புதா பாருங்க."